சைக்கிளுக்கு ரோட்டுல எடம் வேணும்னா மொதல்ல ஏரிக்காரங்க கூட போய் நில்லுங்க

"வேளச்சேரியில இருந்து தரமணி, பெருங்குடி பக்கம் தினமும் சைக்கிள்ல வேலைக்குப் போறோம், ஏழெட்டுப் பேர் இருக்கோம், மனு மேல மனு குடுத்தும் ஒண்ணும் அசையல, ஏரி மரம்னு வேலை பாக்கற அமைப்புங்க கூட சேந்தா ஏதாவது நடக்குமா, எங்க ஆரம்பிக்கறது"ன்னு கேட்டிருக்கீங்க. நடக்கும். ஆனா நீங்க நினைக்கற மாதிரி, நம்ம கோரிக்கைக்கு அவங்க ஆதரவுன்னு இல்ல. நான் தென்சென்னையில பத்து வருஷத்துக்கு மேல சைக்கிள்லயே வேலைக்குப் போயிட்டு வர்றேன், அதுல பாதிக் காலம் ஒரு ஏரி மீட்புக் குழு கூடவும் ஒரு மரக் குழு கூடவும் சேந்து வேலை பாத்திருக்கேன், அதுல கத்துக்கிட்டத சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

நாங்களும் மொதல்ல நீங்க யோசிக்கற மாதிரிதான் போனோம். அந்த ஏரிக் குழு ஞாயித்துக்கிழமை காலையில கரையில கூடுவாங்க, அங்க போய் சைக்கிள் பாதை வேணும்னு எழுதின மனுவ நீட்டி கையெழுத்து கேட்டோம். எல்லாரும் போட்டாங்க, டீ குடுத்தாங்க, அனுப்பிட்டாங்க. கெளம்பும்போது அந்தக் குழுவ நடத்துற அக்கா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "தம்பி, நீங்க தினமும் போற ரோட்டுல மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?" எங்க ஆறு பேர்ல ஒருத்தருக்கும் பதில் தெரியல. வருஷக்கணக்கா அதே ரோட்டுல போறோம், எங்க பள்ளம், எங்க நாய், எங்க பஸ் ஒதுங்கும்னு எல்லாம் தெரியும், தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்ததே இல்ல. அடுத்த மழையில அவங்க கூட நடந்து போய் பாத்தோம். அன்னிக்குத்தான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. தண்ணி ஓட வேண்டிய அந்த ரோட்டோரம் இருக்கே, இடது பக்கம் அஞ்சாறு அடி, அதேதான் சைக்கிள் ஓட வேண்டிய எடம். மரம் நிக்க வேண்டிய எடமும் அதேதான். அந்த அஞ்சாறு அடியை யாரு எப்படிக் கெடுக்கறாங்களோ அதுல மூணு பேரும் சேந்துதான் அடி வாங்கறோம். அதனால கோரிக்கையும் ஒண்ணா இருக்கணும்.

ரோடு மட்டத்தையே எடுத்துக்கங்க. பழைய தாரைச் சுரண்டி எடுக்காம அது மேலயே புதுசா போட்டுட்டுப் போனா ஒவ்வொரு தடவையும் ஒண்ணரை ரெண்டு இஞ்ச் ஏறும். நாலஞ்சு தடவை போட்டா வீடு ரோட்டுக்குக் கீழ போயிடும், வாசப்படி பள்ளமாயிடும், மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வரும், ஏரிக்குப் போக வேண்டிய தண்ணி தெருவுலயே நிக்கும். இது ஏரிக்காரங்க கவலை. நமக்கு என்னன்னா, தார் மட்டும் ஏறி ஓரம் ஏறாததால ரோட்டோரத்துல அரை அடிக்கு ஒரு விளிம்பு உண்டாயிடும். பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சா நீங்க ஒதுங்கவே முடியாது, ஒதுங்கினா சக்கரம் அந்த விளிம்புல சறுக்கி பஸ் பக்கமே விழுவீங்க. அப்புறம் மெட்ரோ வாட்டர் மேன்ஹோல் மூடி பழைய மட்டத்துலயே நின்னு போய் புது ரோட்டுல வட்டமா ஒரு குழி ஆயிடும். மழைத் தண்ணி நிக்கும்போது அந்தக் குழி கண்ணுக்கே தெரியாது. பைக் ஓட்டறவங்களுக்கு அது ஒரு குலுக்கல், சைக்கிள்ல போறவங்களுக்கு கழுத்து எலும்பு.

இதுக்கு விதி இருக்கு. 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, ரோடு போடும்போது பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துட்டு அதே மட்டத்துக்குத்தான் போடணும்னு தெளிவா உத்தரவு போட்டாரு. இந்த ஒரு உத்தரவைப் பிடிச்சுக்கிட்டாலே போதும், சைக்கிள்ங்கற வார்த்தையே சொல்லாம சைக்கிளுக்குப் பாதி வேலை முடிஞ்சிடும். எங்க பக்கத்துல ஒரு உள்தெருவுல மில்லிங் (பழைய தாரைச் சுரண்டறது) பண்ணாம ராத்திரியோட ராத்திரியா தார் போட வண்டி வந்துச்சு. ஏரிக் குழுவுல இருந்து பத்து பேர், நாங்க நாலு பேர், அந்தத் தெருவுல தண்ணி புகுந்த வீட்டுக்காரங்க ஒரு பதினஞ்சு பேர், ராத்திரி பதினோரு மணிக்கு உத்தரவு நகலைக் கையில வெச்சுக்கிட்டு போய் நின்னோம். சத்தம் போடல, யாரையும் திட்டல, ஏ.இ. (மாநகராட்சி உதவிப் பொறியாளர்) வர்ற வரைக்கும் நின்னோம். அன்னிக்கு வேலை நின்னுச்சு, ஒரு வாரம் கழிச்சு சுரண்டிட்டுப் போட்டாங்க. நாங்க நாலு பேர் மட்டும் சைக்கிள் ஹெல்மெட்டோட போய் நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. அந்த வீட்டுக்காரங்க நின்னதாலதான் அது நடந்துச்சு, அந்த வீட்டுக்காரங்களுக்கு ஏரிக் குழுவைத்தான் தெரியும், எங்களைத் தெரியாது.

அடுத்தது ரோட்டோரத்துல இருக்கற மழைநீர் வடிகால் கம்பி மூடி. அந்தக் கம்பிங்க வண்டி போற திசைக்கு நேரா இருந்துச்சுன்னா சைக்கிள் டயர் இடுக்குல இறங்கி சிக்கிக்கும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேல போய் விழணும். அதையே குறுக்கால திருப்பிப் போட்டா ஒரு பிரச்சனையும் இல்ல, தண்ணியும் அதே மாதிரி இறங்கும். இன்னும் நல்லது என்னன்னா நடைபாதைக் கல்லோட பக்கவாட்டுலயே ஒரு வாய் வெச்சு தண்ணிய உள்ள விடறது, அப்ப ரோட்டு மேல கம்பியே வேண்டாம். இப்ப பாருங்க, சைக்கிள்காரங்க தனியா போய் "கம்பியை மாத்துங்க"ன்னா ஒரு சில பேரோட வசதிக்குன்னு நினைப்பாங்க. வடிகால்ல தண்ணி இறங்குதான்னு கணக்கெடுக்கற குழு கூடப் போய், எந்த மூடி மண் அடைச்சிருக்கு, எது மட்டம் தவறியிருக்கு, எது கம்பி நேரா இருக்குன்னு ஒரே பட்டியலா குடுத்தா அது மழைக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலையா மாறிடும். நம்ம ஊர்ல மழைக்கு முன்னாடி வேலைன்னு பேர் வாங்கிட்டா அதுக்கு இருக்கற வேகமே தனி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் சென்னையில எந்த அதிகாரியும் அந்தப் பேச்சை அலட்சியமா எடுத்துக்க மாட்டாங்க.

மரத்தைப் பத்தி நிறைய சொல்லணும். சென்னையில ஏப்ரல், மே மதியம் ஒரு மணிக்கு நிழல் இல்லாத ரோட்டுல என்ன உலகத்தரத்துல டிராக் போட்டாலும் எவனும் ஓட்ட மாட்டான், ஓட்ட வழியில்லாதவன் மட்டும்தான் ஓட்டுவான். நெதர்லாந்து படத்தைக் காட்டி டிராக் கேக்கறவங்க பல பேர் இதைப் பேசறதே இல்ல. நம்ம ஊருக்கு நிழல்தான் மொதல் கட்டுமானம், அப்புறம்தான் பெயின்ட். அதனால மரக் குழு கூடச் சேர்றது நமக்கு ஏதோ நட்புக்காக இல்ல, அது நம்ம வேலையே. ஆனா மரம் எங்க, என்ன மரம்னு நம்ம பக்கத்துல இருந்தும் சொல்லணும். 2016 டிசம்பர்ல வர்தா புயல்ல சாஞ்ச மரங்களைப் பாத்தவங்களுக்குத் தெரியும், சீக்கிரம் வளரும்னு வெச்சதெல்லாம் வேரோட பேந்து விழுந்து கெடந்துச்சு. புங்கை, வேம்பு, பூவரசு மாதிரி நம்ம மண்ணுல நிக்கறது வேணும். அதுலயும் நாவல் மரத்தை சைக்கிள் போற தடத்துக்கு மேல வைக்காதீங்கன்னு நான் எல்லாக் கூட்டத்துலயும் சொல்லுவேன், ஜூன், ஜூலைல பழம் விழுந்து நசுங்கி ரோடே எண்ணெய் ஊத்தின மாதிரி ஆயிடும். அதைப் பார்க் பக்கம் வெச்சுக்கலாம், புள்ளைங்க பொறுக்கித் திங்கும்.

மரம் நிக்கற வரிசையும் முக்கியம். காம்பவுண்டு சுவரை ஒட்டி வைக்காம ரோட்டுக்கும் சைக்கிள் தடத்துக்கும் நடுவுல வெச்சா அந்த மர வரிசையே தடுப்பு ஆயிடும், கார் உள்ள வந்து நிக்க முடியாது. பிளாஸ்டிக் கம்பத்தை எவ்வளவு வெச்சாலும் ஒடைச்சுட்டு உள்ள வருவாங்க, பத்து வருஷ புங்கை மரத்தை யாரும் ஒடைக்க மாட்டாங்க. அப்புறம் மரத்தோட அடியில சிமென்ட் பூசி மூடறாங்களே, அது கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2013-லயே டெல்லி வழக்குல மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை எடுக்கச் சொல்லியிருக்கு. மரக் குழுக்கள் அதைச் சொல்லித்தான் இங்கயும் போராடிட்டு வர்றாங்க. அந்த ஒரு மீட்டரை மண்ணா விட்டு, மழைத் தண்ணிய உள்ள விட்டு, அதை ஒட்டி சைக்கிள் தடம் வந்தா மூணும் ஒரே எஸ்டிமேட்டுல போயிடும். தனித்தனியா கேட்டா மூணு ஃபைல், மூணு துறை, மூணு வருஷம்.

இதை நான் ஏதோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி சொல்லல. சைக்கிள்காரங்க மட்டும் சேந்து சைக்கிளுக்காக மட்டும் பேசி பெருசா ஜெயிச்ச ஊர் எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல. நம்ம புதுக்கோட்டையவே பாருங்க. 1990-களோட தொடக்கத்துல கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கம், எழுத்தறிவுக்காக ஆரம்பிச்ச வேலை அது. அதுல சைக்கிள் கத்துக்கறதையும் சேத்தாங்க, கிராமத்துப் பொண்ணுங்க ஆயிரக்கணக்குல, அப்புறம் லட்சக்கணக்குலன்னு சொல்ற அளவுக்கு ஓட்ட ஆரம்பிச்சாங்க. சைக்கிள் கிளப் எதுவும் அதைச் செய்யல, படிப்புக்கும் பெண்களோட நடமாட்டத்துக்கும் நின்னவங்க செஞ்சாங்க. நெதர்லாந்துலயும் அப்படித்தான். 1971-ல மட்டும் ரோடு விபத்துல 3,000 பேருக்கு மேல செத்தாங்க, அதுல 400-க்கு மேல குழந்தைங்க. ஒரு பத்திரிகைக்காரர் தன் பொண்ணையே இழந்துட்டு எழுதின கட்டுரையில இருந்து "குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து"ன்னு ஒரு இயக்கம் கெளம்புச்சு, பெத்தவங்க தெருவுல உக்காந்தாங்க, 1973 எண்ணெய் நெருக்கடியில ஞாயித்துக்கிழமைகள்ல கார் ஓட்டத் தடை வந்துச்சு, இது எல்லாம் சேந்துதான் இன்னிக்கு நாம படத்துல பாக்கற ஆம்ஸ்டர்டாம். சைக்கிள் ஓட்டுறவங்களோட சங்கம் 1975-லதான் வருது.

பக்கத்துல பெங்களூர்ல ரெண்டு விதமாவும் பாக்கலாம். 2016 அக்டோபர்ல பசவேஸ்வரா சர்க்கிள்ல இருந்து ஹெப்பாள் வரைக்கும் 6.7 கிலோமீட்டர் ஸ்டீல் பிளைஓவர், 800 மரத்துக்கு மேல வெட்டணும்னு வந்தப்ப மரத்துக்காக வந்தவங்க, பஸ்ஸுக்காக வந்தவங்க, சைக்கிள்காரங்க எல்லாரும் கை கோத்து மனிதச் சங்கிலியா நின்னாங்க, 2017 மார்ச்ல அரசு அதைக் கைவிட்டுச்சு. அதே ஊர்ல 2020-ல அவுட்டர் ரிங் ரோட்டுல கம்பம் நட்டு தனி சைக்கிள் தடம் போட்டாங்க, நல்ல எண்ணத்தோட போட்டதுதான், ஆனா கம்பத்தை ஒடைச்சுட்டு பைக்கும் காரும் உள்ள வந்துடுச்சு. என் கணிப்பு என்னன்னா, மொதலாவதுக்குக் காவல் காக்க ஊரே இருந்துச்சு, ரெண்டாவதுக்கு சைக்கிள்காரங்க மட்டும்தான் இருந்தாங்க. புனேவுல பரிசர்னு ஒரு பழைய சூழல் அமைப்பு, ஆறு, குன்றுன்னு பேசிட்டிருந்தவங்க, நகரத்துக் காத்தைக் கெடுக்கறதே போக்குவரத்துதான்னு பஸ், நடை, சைக்கிள் பக்கம் திரும்பி வருஷக்கணக்கா விடாம வேலை பாத்தாங்க. 2017-ல அந்த மாநகராட்சி ஊர் முழுக்க ஒரு சைக்கிள் திட்டத்தையே நிறைவேத்துச்சு. திட்டம் பேப்பர்ல இருந்து ரோட்டுக்கு வர்றது அங்கயும் இழுபறிதான், ஆனா கேள்வி கேக்க கையில ஒரு பேப்பர் இருக்கு பாருங்க, அது பெரிய விஷயம்.

சென்னைக்கும் அந்தப் பேப்பர் இருக்கு, பல பேருக்குத் தெரியறது இல்ல. 2014-ல சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு ஒரு கொள்கை ஏத்துக்கிட்டுச்சு, இந்தியாவுலயே மொதல் நகரம், நகரப் போக்குவரத்து பத்தி வேலை பாக்கற ஐடிடிபி அமைப்போட உதவியோட செஞ்சாங்க. போக்குவரத்து பட்ஜெட்டுல குறைஞ்சது 60 சதவீதம் நடக்கறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்குமான வேலைக்கு ஒதுக்கணும்னு அதுல இருக்கு. 60 சதவீதம்! அதுக்கு முன்னாடி 2006-லயே மத்திய அரசோட நகரப் போக்குவரத்துக் கொள்கை வண்டிகளை நகத்தறது இல்ல, ஆளுங்களை நகத்தறதுதான் நோக்கம்னு சொல்லிடுச்சு. சைக்கிள் டிராக் எப்படிப் போடணும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1962-லயே விதிநூல் போட்டிருக்கு, ஐ.ஆர்.சி. 11, 2015-ல திருத்தியும் இருக்காங்க. அதனால நீங்க எழுதற மனுவுல "தயவுசெய்து சைக்கிளுக்கு வசதி செய்து தாருங்கள்"னு எழுதாதீங்க. இந்தக் கொள்கைப்படி, இந்த விதிநூல்படி, இந்த ரோடு வேலையில என்ன செஞ்சிருக்கீங்கன்னு கேளுங்க. கேக்கறது ஒரு தயவு இல்ல, அவங்களே எழுதி வெச்சதுதான்.

பணமும் இருக்கு. 2019-ல தேசிய தூய காத்துத் திட்டம் வந்துச்சு, அப்புறம் பத்து லட்சம் பேருக்கு மேல இருக்கற ஊர்களுக்கு 15-வது நிதிக்குழு காத்துத் தரத்துக்குன்னே தனியா காசு ஒதுக்குச்சு, சென்னைக்கும் அதுல பங்கு கெடைச்சுச்சு. அந்த மாதிரிக் காசு பெரும்பாலும் ரோட்டுத் தூசியை அடக்கற வேலைக்குப் போகும். எங்க போகுது எவ்வளவு போகுதுன்னு பாக்கற பழக்கம் சூழல் அமைப்புகளுக்கு இருக்கு, நமக்குக் கிடையாது. இந்தத் தகவல் உரிமைச் சட்ட மனு, பத்து ரூபா, முப்பது நாள்ல பதில், இதையெல்லாம் அவங்ககிட்டதான் கத்துக்கணும். ஒரு கேள்வியை எப்படி எழுதினா தட்டிக் கழிக்க முடியாதுங்கறது பெரிய கலை. "சைக்கிளுக்கு என்ன செய்தீர்கள்"னு கேட்டா "பரிசீலனையில் உள்ளது"ன்னு வரும். இந்த ரோட்டோட எஸ்டிமேட் நகல், மில்லிங் அளவு, ஒப்பந்தக்காரர் எத்தனை வருஷத்துக்குப் பொறுப்பு, இதைக் கேட்டா பேப்பர் குடுத்தே ஆகணும். பொறுப்புக் காலம் முடியறதுக்குள்ள பள்ளம் விழுந்தா அவரு காசுலயே சரி பண்ணணும். மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல 198ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, ரோட்டைத் தரமா வடிவமைக்காம, பராமரிக்காம விட்டு அதனால ஆள் செத்தாலோ ஊனமானாலோ பொறுப்பானவங்களுக்கு ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். எவ்வளவு தடவை பயன்படுதுங்கறது வேற, கடிதத்துல அந்த எண் இருந்தா படிக்கற விதமே மாறுது.

இப்ப ஒரு கஷ்டமான விஷயம். எண்ணிக்கை எடுக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, எடுங்க, ஆனா ஆறு மணிக்குப் போகாதீங்க, காலையில நாலரை மணிக்குப் போங்க. நாங்க மொதல் தடவை எடுத்தப்ப எனக்கு ரொம்ப வெக்கமா இருந்துச்சு, இவ்வளவு வருஷம் சைக்கிள்காரங்க சைக்கிள்காரங்கன்னு பேசினோமே, யாரை நினைச்சுப் பேசினோம்னு. பேப்பர் போடற பையன், பால் பாக்கெட், பூக்காரம்மா, நைட் டூட்டி முடிச்ச செக்யூரிட்டி அண்ணன், கேரியர்ல சட்டியோட கட்டட வேலைக்குப் போற வடமாநிலத் தம்பிங்க, கேன்ல டீ விக்கறவரு, ஏழரை மணிக்கு மேல அரசாங்கம் குடுத்த சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போற பொண்ணுங்க. ஹெல்மெட் போட்டவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். இவங்க யாரும் எங்க குரூப்புல இல்ல. ஈசிஆர் ரைடுக்கு வந்ததில்ல. ஆனா இவங்கதான் இந்த ஊரோட சைக்கிள் போக்குவரத்து. ஏரிக்கரையில, கால்வாய் ஓரத்துல குடியிருக்கறவங்க இதுல நிறைய, அவங்க கூட வருஷக்கணக்கா உறவு வெச்சிருக்கறது இந்த சூழல் குழுக்கள்தான். அந்த அக்கா மூலமாத்தான் எங்களுக்கு ஒரு செக்யூரிட்டி அண்ணன் பழக்கமானாரு. அவரு சொன்னாரு, "டிராக்கு கீக்கு அப்புறம் பாருங்க சார், மொதல்ல பாலத்துக்குக் கீழ லைட்டு போடச் சொல்லுங்க, ராத்திரி அங்கதான் பயம்." நாங்க எழுதின பன்னெண்டு கோரிக்கையில லைட்டே இல்ல. மறுநாள் மாநகராட்சியோட புகார் நம்பர் 1913-க்கு போன் போட்டு கம்பத்து நம்பரோட புகார் குடுத்தோம், ரெண்டு வாரத்துல எரிஞ்சுது. நாங்க சேந்து பண்ணதுலயே சீக்கிரம் நடந்த வேலை அதுதான்.

முரண்பாடு வராதான்னா, வரும், கண்டிப்பா வரும். எங்களுக்கு வந்தது ஏரிக்கரை விஷயத்துல. கரை மேல பேவர் பிளாக் போட்டு சைக்கிள் டிராக், விளக்குக் கம்பம், உக்கார பெஞ்சுன்னு ஒரு திட்டம் வந்துச்சு. எங்க ஆளுங்களுக்கு ஒரே சந்தோஷம். ஏரிக் குழு கடுமையா எதிர்த்தாங்க, கரைங்கறது மண்ணு, அதுல கான்கிரீட் போட்டா ஆமை ஏற முடியாது, ராத்திரி வெளிச்சத்துல பறவை தங்காது, சுத்தி வேலி போட்டா ஏரி சுருங்கிடும்னு. கோயம்புத்தூர்லயும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல குளக்கரைகள்ல இந்த மாதிரி வேலை நடந்தப்ப அங்க இருக்கற குளம் காக்கறவங்க இதே கவலையத்தான் சொன்னாங்க. ரெண்டு மாசம் எங்களுக்குள்ள சரியா பேச்சே இல்ல. கடைசியில ஒரு நாள் உக்காந்து ஒரே கேள்வி கேட்டுக்கிட்டோம், இந்தக் கரையில சைக்கிள் ஓட்டி யாராவது வேலைக்குப் போக முடியுமா? முடியாது, அது சுத்திச் சுத்தி வரும், எங்கயும் கொண்டு போய் விடாது. அப்ப அது நம்ம டிராக்கே இல்ல, யாரோ காலையில நடக்கறதுக்கான எடம். அவங்க சொன்னதுதான் சரி. நாங்களும் அவங்க கூட கையெழுத்து போட்டு, கரையை மண்ணாவே விடுங்க, அந்தக் காசுல ஏரிக்குப் பக்கத்து மெயின் ரோட்டோரத்தைச் சரி பண்ணுங்கன்னு எழுதினோம். நீங்க பெருங்குடி பக்கம் போறதால சொல்றேன், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை 2022-ல ராம்சர் எடமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமா அறிவிச்சாச்சு, அங்க எந்தக் காரணத்துக்காகவும், சைக்கிள் பேரைச் சொல்லியும், சதுப்புக்குள்ள ஒரு அடி கூட கேக்காதீங்க. ஏற்கனவே ரோடா இருக்கறதுல இருந்து எடுங்க, கார் நிக்கற எடத்துல இருந்து எடுங்க.

மரம் வெட்டி சைக்கிள் தடம்னு யாராவது வந்தாலும் அதே பதில்தான், வேண்டாம். இப்ப பொது எடத்துல மரம் வெட்டணும்னா கலெக்டர் தலைமையில இருக்கற மாவட்டப் பசுமைக் குழு பாக்கணும்னு நடைமுறை இருக்கு, அந்த மனுவுல சைக்கிள் பேரு ஒரு தடவை வந்துட்டா அந்த ஊர்ல பத்து வருஷத்துக்கு ஒரு மரக் குழுவும் நம்மளை நம்பாது. தள்ளுவண்டிக்காரங்க விஷயமும் யோசிச்சு பேசணும். ரோட்டோரத்தைக் காலி பண்ணுங்கன்னு பொத்தாம்பொதுவா எழுதினா மொதல்ல போறது இட்லிக் கடையும் பழ வண்டியும்தான், கார் அப்படியே நிக்கும். அவங்களுக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்துல உரிமை இருக்கு, விற்பனைக் குழு இருக்கு, அவங்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க. எங்க தெருவுல இளநிக் கடை அண்ணன் இருக்கற எடத்துல மட்டும் கார் நிக்காது, அவரு நிக்க விட மாட்டாரு.

குழுவைத் தேர்ந்தெடுக்கறது எப்படின்னு கேட்டா, பேர் பெருசா இருக்கறதைப் பாக்காதீங்க. பூவுலகின் நண்பர்கள், நிழல்ங்கற மர அமைப்பு, சி.ஏ.ஜி.ங்கற நுகர்வோர் அமைப்பு மாதிரி சென்னையில அனுபவமுள்ள அமைப்புங்க இருக்கு, சட்டம், கொள்கை, மரம்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு பலம், அவங்க எழுதறதைப் படிங்க, பெரிய விஷயத்துக்கு அவங்களை அணுகுங்க. ஆனா தினசரி வேலைக்கு உங்க வார்டுக்குள்ள, வாரா வாரம் ஒரே எடத்துல கூடற குழு வேணும், அது அஞ்சு பேரா இருந்தாலும் சரி. மொதல் மூணு மாசம் மனுவே நீட்டாதீங்க. குப்பை எடுக்கற அன்னிக்கு போங்க, செடிக்குத் தண்ணி ஊத்துங்க, உங்ககிட்ட இருக்கற ஒரு திறமையக் குடுங்க. சைக்கிள்ல போறதால நாம ஒரு ரோட்டை அங்குலம் அங்குலமா பாக்கறோம், கார்ல போறவங்களால அது முடியாது. எந்த வடிகால் வாய் அடைச்சிருக்கு, எந்த மரத்துல ஆணி அடிச்சு போர்டு மாட்டியிருக்கு, எங்க கழிவுநீர் லாரி ராத்திரி திறந்து விடுதுன்னு போட்டோ, நேரம், எடத்தோட வாரா வாரம் குடுங்க. எங்க குரூப்புல ரெண்டு பேர் ஆபீஸ் போற வழியில இதைச் செய்ய ஆரம்பிச்ச பிறகுதான் ஏரிக் குழு எங்களை அவங்கள்ல ஒருத்தரா பாத்தாங்க.

ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. சுற்றுச்சூழல் தின ரைடு, டீ-ஷர்ட், பேனர், ஸ்பான்சர்னு வருவாங்க. வருஷத்துக்கு ஒண்ணு பண்ணலாம், தப்பில்ல, புது ஆளுங்க வருவாங்க. ஆனா அதுக்கே சக்தி எல்லாம் போயிடும். அதுக்குப் பதிலா கவுன்சிலரையும் ஏ.இ.யையும் ஒரு நாள் காலையில சைக்கிள்ல கூட்டிட்டுப் போங்க, ரெண்டே கிலோமீட்டர், பேச்சு வேண்டாம், போட்டோ வேண்டாம். எங்க ஏ.இ. ஒரு மேன்ஹோல் பக்கத்துல தானே இறங்கி நின்னு பாத்துட்டு, "இதுல தினமும் போறீங்களா"ன்னு கேட்டாரு. அந்த மூடியும் அந்த வரிசையில இன்னும் சிலதும் அந்த மாசமே மட்டத்துக்கு வந்துச்சு. ஏரியா சபையையும் விடாதீங்க, 2022-ல இருந்து வார்டுக்குள்ள மக்கள் கூடிப் பேச ஏரியா சபைன்னு வந்திருக்கு, நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல அந்த வருஷம் மொதல் தடவையா கூடுச்சு. ஏரிக் குழு, மரக் குழு, சைக்கிள்காரங்க, தண்ணி புகுந்த தெருக்காரங்க எல்லாரும் ஒரே தீர்மானத்தை ஒரே வார்த்தையில சொன்னா அது மினிட்ஸ்ல ஏறும். தனித்தனியா சொன்னா நாலு குறைன்னு ஏறும்.

நேரம் ரொம்ப முக்கியம், இதை லேட்டாத்தான் கத்துக்கிட்டோம். மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்ல வரும், அதனால கொள்கை, 60 சதவீதம் பத்தின கடிதம் எல்லாம் டிசம்பர், ஜனவரியிலயே போயிடணும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிச்சா ரோடு வெட்டற வேலையெல்லாம் நிறுத்திடுவாங்க, அதுக்கு முன்னாடி போட்டு முடிக்கணும்னுதான் எல்லா ரோடு வேலையும் வேகமா நடக்கும். டெண்டர் போயிட்டா எதையும் மாத்த முடியாது, "அடுத்த தடவை பாக்கலாம்"னு சொல்லுவாங்க, அடுத்த தடவைங்கறது அஞ்சாறு வருஷம். எஸ்டிமேட் போடும்போதே உள்ள நுழையணும். உங்க வழியில எந்தெந்த ரோடு மாநகராட்சிது, எது நெடுஞ்சாலைத் துறையோடது, எது வேற கையில இருக்குன்னு மொதல்ல பிரிச்சு எழுதுங்க. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்துக்கிட்ட இருக்கு, அங்க மெட்ரோ வேலை வேற நடக்குது, அதை இப்பத்திக்குத் தொடாதீங்க. மாநகராட்சி கையில இருக்கற ஒரு கிலோமீட்டர் உள் ரோடு, ஸ்கூல் ஒண்ணு இருக்கணும், மழையில தண்ணி நிக்கற ரோடா இருக்கணும், அப்படி ஒண்ணு எடுத்துக்கங்க. இந்த வருஷம் ரோடு போடற பட்டியல்ல அது இருக்கான்னு கேட்டு ஒரு தகவல் உரிமை மனுவ இந்த வாரமே போட்டுடுங்க. பதில் வர்ற முப்பது நாள்ல நாலு ஞாயித்துக்கிழமை வருது, நாலுக்கும் உங்க பக்கத்து ஏரிக் குழு கூட கரையில இருங்க. அடுத்த மழை பேயும்போது அவங்களையும் கூட்டிக்கிட்டு அந்த ஒரு கிலோமீட்டரை நடந்து, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு வெச்சுக்கங்க, ஏ.இ.கிட்ட மொதல்ல காட்ட வேண்டியது அந்தப் பேப்பரைத்தான்.